வீட்டுக் கழிவுநீரும் பாதாளச் சாக்கடையும்

நம் வீட்டுக் குழாயில் வரும் நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், சேலம் நகரத்துச் சிறுவன் எவனும் 'மேட்டூரிலிருந்து' என்று உடனே விடை கூறிவிடுவான். குளித்து, துவைத்து, பாத்திரம் கழுவி, கழிப்பிடத்தில் ஊற்றியபின் அதே நீர் எங்கே போகிறது என்று கேட்டால் பெரியவர்களும் சற்றுத் தயங்குவர். முதற் கேள்விக்கு விடை காண்பதில் காட்டும் அக்கறையில் பாதியையேனும் இரண்டாம் கேள்விக்குக் காட்டுதல் நன்று. வீட்டுக்கு வீடு தொட்டி கட்டிக் கழிவை அவரவர் மனைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் முறையிலிருந்து, ஊர் முழுவதற்கும் பொதுவான பாதாளச் சாக்கடைக்கு ஒரு குடும்பம் ஏன் மாறவேண்டும், எவ்வாறு மாறவேண்டும் என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

கழிவுநீரை மண்ணுக்கடியில் செலுத்தும் எண்ணம் புதிதன்று. சிந்துவெளி நகரமாகிய மொகஞ்சதாரோவில் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வீட்டுக் குளியலறையிலிருந்து புறப்பட்ட செங்கல் வாய்க்கால், தெருவில் மூடியிட்டுச் சென்ற பெரிய சாக்கடையோடு இணைந்திருந்தது. தமிழகத்தில் கீழடி அகழாய்வில் செங்கற் கட்டடங்களோடு உறைகிணறுகளும் சுடுமண் குழாய்களும் வெளிப்பட்டுள்ளன. மதுரை நகரைக் கூறுமிடத்தில் சிலப்பதிகாரம் 'சுருங்கை' என்னும் சொல்லை ஆள்கிறது. நிலத்தடியில் மறைந்து செல்லும் வழி என்பது அதன் பொருள். அச்சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது என்று அறிஞர் கூறுவர். ஆகவே நம் முன்னோருக்கு அறிமுகமான ஒன்றையே நாம் இன்று பெரும் பொருட்செலவில் மீண்டும் அமைத்துக்கொண்டிருக்கிறோம் எனலாம்.

இனி, நம் வீடுகளில் இப்போது உள்ள ஏற்பாட்டைப் பார்ப்போம். மக்கள் 'செப்டிக் டேங்க்' என்று வழங்கும் தொட்டி பிரான்சு நாட்டில் பிறந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் மூரா என்பவர் அதன் முதல் வடிவத்தை அமைத்தார். 1895-ஆம் ஆண்டை ஒட்டி இங்கிலாந்தில் எக்சிட்டர் நகரத்தின் டொனால்டு காமரூன் அதனைத் திருத்தி, இன்றுள்ள பெயரையும் சூட்டினார். 'செப்டிக்' என்னும் சொல்லுக்கு அழுகச் செய்வது என்று பொருள். பெயரே அதன் தொழிலைக் கூறிவிடுகிறது.

தொட்டிக்குள் வரும் கழிவு ஓரிரு நாள் அசையாமல் தங்குகிறது. கனமான பொருள்கள் அடியில் வண்டலாகப் படிகின்றன. எண்ணெய்ப் பசையும் இலேசான பொருள்களும் மேலே ஏடாக மிதக்கின்றன. இடையில் கலங்கல் நீர் நிற்கிறது. காற்றுப் புகாத அவ்விடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் வண்டலைச் சிறிது சிறிதாக அழுகச் செய்து, ஒரு பகுதியை வாயுவாக மாற்றுகின்றன. இடையில் உள்ள நீர், புதிய கழிவு வரவர மறுபுறக் குழாய் வழியாக வெளியேறி உறிஞ்சுகுழிக்குச் சென்று மண்ணில் இறங்குகிறது. ஏட்டில் கூறப்படும் முறை இதுவே.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. தொட்டி கழிவைப் பிரிக்கிறதே தவிர, நீரைத் தூய்மை செய்து முடிப்பதில்லை. வெளியேறும் நீரில் கரைந்த அழுக்கும் நோய்க்கிருமிகளும் நிறைந்தே இருக்கின்றன. எஞ்சிய வேலை முழுவதும் மண்ணின் பொறுப்பில் விடப்படுகிறது. மண் ஆழமாகவும், மணற்பாங்காகவும், வீடுகள் தொலைவிலும் இருந்தால் மண் அப்பொறுப்பைச் செவ்வனே நிறைவேற்றும். அவ்வாறு இல்லாத இடத்தில்தான் தொல்லை தொடங்குகிறது.

நடைமுறையோ இதனினும் கீழானது. முறைப்படி செங்கல்லால் கட்டி, உட்புறம் பூசி, நடுவே தடுப்புச் சுவர் வைத்த தொட்டிகள் நம் ஊர்களில் குறைவு. சிமெண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடிப்புறத்தை மூடாமல் விட்ட குழியையும் செப்டிக் டேங்க் என்றே அழைக்கின்றனர். வேறு சில வீடுகளில் தொட்டியின் மறுவாய் உறிஞ்சுகுழிக்குச் செல்லாமல் தெருவோரத்துத் திறந்த சாக்கடைக்குத் திருப்பப்பட்டிருக்கும். குளியலறை நீரும் சமையலறை நீரும் பெரும்பாலும் அத்தெருச் சாக்கடைக்கே போகின்றன. கொசு பெருகுவதற்கு வேறு இடம் வேண்டியதில்லை.

கணக்குப் பயிலும் மாணவர்களுக்கு ஒரு கணக்குத் தருகிறேன். செப்டிக் தொட்டி அமைப்பதற்கான இந்தியத் தர நிர்ணயம், உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டர் தொலைவேனும் இருக்கவேண்டும் என்று கூறுகிறது. 18 மீட்டர் என்பது ஏறத்தாழ 59 அடி. நம் நகரங்களில் நடுத்தரக் குடும்பத்தார் வாங்கும் மனை பெரும்பாலும் 30 அடி அகலமும் 40 அடி நீளமும் உடையது. பிதாகரசின் தேற்றப்படி அதன் மூலைவிட்டம் 50 அடி. எனவே ஒரு மூலையில் கிணற்றையும் எதிர்மூலையில் உறிஞ்சுகுழியையும் வைத்தாலும் விதி கூறும் தொலைவு கிட்டாது. அண்டை வீட்டுக் குழி நம் மதிலை ஒட்டி இருந்தால் கேட்கவே வேண்டியதில்லை. அத்தகைய மனைகள் நூற்றுக்கணக்கில் நெருங்கி அமைந்த ஒரு நகர்ப்பகுதியில், ஆழ்துளைக் கிணறும் மலக்குழியும் ஒரே மண்ணைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதைக் கணக்கே மெய்ப்பித்துவிடுகிறது.

சேலம், நாமக்கல் சமவெளியின் நிலஅமைப்பு இந்நிலையை இன்னும் கடுமையாக்குகிறது. இப்பகுதியின் அடியில் இருப்பது சார்னோகைட்டு, நைசு முதலிய கடும்பாறை. மேலே சில அடி மண். அதன்கீழே சிதைந்த பாறை. அதற்கும் கீழே பிளவுகள் ஓடும் கெட்டிப் பாறை. மணல் நீரை வடிகட்டும். பாறைப் பிளவு வடிகட்டாது. பிளவுக்குள் புகுந்த நீர் ஓடையில் செல்வதுபோல் செல்லும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டுவதை நீங்கள் அறிவீர்கள். அக்கிணற்றில் மண்பகுதிக்கு மட்டுமே கேசிங் குழாய் இறக்குவர். பாறைக்குள் துளை வெறுமையாகவே இருக்கும். குழாய் பாறையில் சரியாகப் பதியாவிட்டால், மேலே ஊறிய கழிவுநீர் அந்த இடுக்கின் வழியே நேராக உள்ளே இறங்கிவிடும். பல நூறு அடி ஆழத்து நீர் என்ற நம்பிக்கை அங்கே பயன்படாது.

கிருமிகளை நீரைக் கொதிக்கவைத்து அழித்துவிடலாமே என்று சிலர் கூறலாம். அது சரியே. ஆனால் மலத்திலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் மண்ணில் நைட்ரேட்டாக மாறி நீரில் கரைந்துவிடுகிறது. அதனைக் கொதிக்கவைத்து நீக்க இயலாது. நீர் ஆவியாக ஆவியாக அதன் செறிவு கூடும். குடிநீரில் நைட்ரேட்டு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மிகலாகாது என்பது இந்தியத் தரம். அளவு மீறிய நீரில் பால்மாவைக் கரைத்துக் கைக்குழந்தைகளுக்குக் கொடுத்தால், குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பூக்கும் நோய் உண்டாகலாம்.

குழியும் கிணறும் அடுத்தடுத்து இருந்தால் என்ன நேரும் என்பதற்கு வரலாறு காட்டும் சான்று ஒன்று உண்டு. 1854-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பிராடு தெரு என்னும் இடத்தைச் சூழ்ந்து வாந்திபேதி பரவி அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருத்துவர் ஜான் சுனோ இறந்தோரின் இருப்பிடங்களை ஆராய்ந்து, அவர்களுள் பெரும்பாலோர் அத்தெருவில் இருந்த ஒரே கைப்பம்பின் நீரைக் குடித்தவர்கள் என்று கண்டார். அந்நீர் எவ்வாறு கெட்டது என்பது பின்னரே தெளிவாயிற்று. பம்புக்கு அருகிலிருந்த வீட்டில் ஒரு கைக்குழந்தைக்கு நோய் கண்டிருந்தது. அதன் துணிகளை அலசிய நீரை வீட்டின் மலக்குழியில் ஊற்றியிருந்தனர். குழியின் செங்கற் சுவர் உளுத்துப் போயிருந்தது. குழிக்கும் கிணற்றுக்கும் இடையே இருந்த தொலைவு மூன்றடிக்கும் குறைவு. அவ்வீட்டார் எவருக்கும் தீங்கு நினைத்தவர்கள் அல்லர். தங்கள் மனைக்குள் நடப்பது தங்களோடு முடிந்துவிடும் என்று எண்ணினர், அவ்வளவே.

நீரைப் பற்றிக் கூறினேன். அதனினும் பெரிதாக மனிதர்களைப் பற்றிக் கூறவேண்டும். தொட்டியில் வண்டல் நிரம்பும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை அகற்றியே ஆகவேண்டும். அகற்றும் தொழில் நம் நாட்டில் நெடுங்காலமாகப் பிறப்பின் பெயரால் சில குடும்பங்களின்மேல் சுமத்தப்பட்டு வந்தது. மூடிய தொட்டிக்குள் மீத்தேன், கரியமில வாயு, ஐதரசன் சல்பைடு ஆகியவை தங்கி நிற்கின்றன. இவற்றுள் ஐதரசன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் உடையது, காற்றைவிடக் கனமானது. அதன் செறிவு மிகும்போது மூக்கின் மோப்ப உணர்வே மரத்துப்போகும். நாற்றம் இல்லையே என்று துணிந்து இறங்குபவர் சில மூச்சுகளிலேயே நினைவிழந்து வீழ்வார். அவரைத் தூக்கச் சென்ற இரண்டாமவரும் வீழ்வார், மூன்றாமவரும் வீழ்வார். தொட்டியைத் துப்புரவு செய்யச் சென்று ஒரே இடத்தில் இருவர் மூவர் மாண்டனர் என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அதன் காரணம் இதுதான்.

மனிதரைக் கொண்டு மலம் அள்ளச் செய்வதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டமும், அதனினும் விரிவாக 2013-இல் மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டன. பாதுகாப்புக் கருவிகளும் முன்னேற்பாடுகளும் இன்றி ஒருவரைச் செப்டிக் தொட்டியிலோ சாக்கடையிலோ இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதன்முறைக்கே இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இச்சட்டம் ஊராட்சி மன்றத்துக்கும் ஒப்பந்தக்காரருக்கும் மட்டும் உரியதன்று. கூலி பேசி ஆளை இறக்கும் வீட்டுக்காரரையும் அது கட்டுப்படுத்தும். 1993 முதல் இவ்வாறு மாண்டவர்களின் குடும்பங்களுக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்கவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2014-இல் ஆணையிட்டது. 2023-இல் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது. ஆணைகள் தொடர்ந்து தேவைப்படுவதே, உயிரிழப்பு நிற்கவில்லை என்பதற்குச் சான்று.

இனி, மாற்று ஏற்பாட்டைக் காண்போம். பாதாளச் சாக்கடை என்பது பெரும்பாலும் நிலத்தின் சரிவை நம்பி நடக்கும் ஏற்பாடு. ஒவ்வொரு வீட்டின் சிறிய குழாயும் தெருக் குழாயில் சேரும். தெருக் குழாய்கள் பெருங்குழாயில் சேரும். ஓடையும் ஆறும் சேர்வதுபோல் மண்ணுக்கடியில் ஓர் ஆற்றுப் பிணையல் உருவாகிறது. குழாய்க்குள் நீர் மிக மெதுவாகச் சென்றால் மண்டி படிந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே நொடிக்கு 0.6 மீட்டர் வேகமேனும் இருக்கும்படி சரிவு அமைப்பர். சரிவு கொடுத்துக்கொண்டே போனால் குழாய் ஆழத்துக்குச் சென்றுவிடுமே, என்ன செய்வது? அங்கே ஒரு கிணறு அமைத்து, பம்பினால் நீரை மேலே ஏற்றி, மீண்டும் சரிவில் விடுவர். இதனையே கழிவுநீர் உந்து நிலையம் என்பர்.

கடைசியாக நீர் சுத்திகரிப்பு நிலையத்தை அடைகிறது. கழிவுநீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கும் மேற்பட்டது வெறும் நீரே. எஞ்சிய சிறு பங்கு அழுக்கை நீக்குவதே அங்கு நடக்கும் வேலை. முதலில் கம்பித் தடுப்பில் துணியும் நெகிழிப் பைகளும் பிடிபடும். பின்னர் மணல் படியும். அதன்பின் பெரிய தொட்டிகளில் காற்றைச் செலுத்துவர். காற்றை விரும்பும் நுண்ணுயிர்கள் பெருகி, கரைந்திருக்கும் அழுக்கை உணவாக உண்டு, கொத்துக் கொத்தாகத் திரண்டு அடியில் படியும். தெளிந்த நீர் வெளியே செல்லும். இம்முறையை 1914-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆர்டன், லாக்கெட்டு என்னும் இருவர் கண்டறிந்து வெளியிட்டனர். செப்டிக் தொட்டி மண்ணின் பொறுப்பில் விட்டுவிட்ட பாதி வேலையை இங்கே பொறியாளர்களின் கண்காணிப்பில் செய்து முடிக்கின்றனர். இரண்டு ஏற்பாடுகளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே.

இறுதிப் படியாகிய சுத்திகரிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இலண்டனே கற்பித்தது. 1840-களின் இறுதியில் மலக்குழிகளை ஒழித்து வீடுகளைச் சாக்கடையோடு இணைக்க அந்நகரத்து அதிகாரிகள் முனைந்தனர். நோக்கம் நல்லது. ஆனால் சாக்கடைகள் நேரே தேம்ஸ் ஆற்றில் விழுந்தன; குடிநீர் எடுத்ததும் அதே ஆற்றில்தான். வீட்டுக்கடியில் இருந்த அழுக்கு முழுவதும் ஆற்றுக்கு இடம் மாறிற்று. 1858-ஆம் ஆண்டுக் கோடையில் ஆற்றின் நாற்றம் தாங்காமல் பாராளுமன்றமே திணறியது. அதன்பின்னரே பசல்செட்டு என்னும் பொறியாளரின் பெருந்திட்டம் ஒப்புதல் பெற்றது. குழாய் போடுவது பாதி வேலை. குழாயின் மறுமுனையைக் கவனிப்பது மறுபாதி.

இப்பாடம் நமக்கு மிக நெருக்கமானது. சேர்வராயன் மலையில் தோன்றும் திருமணிமுத்தாறு சேலம் நகரின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்து வயல்களின் வழியே சென்று, பரமத்தி வேலூர்ப் பகுதியில் காவிரியோடு கலக்கிறது. முத்தைப் பெயரில் தாங்கிய அவ்வாறு பல்லாண்டுகளாக நகரத்தின் கழிவை ஏந்தும் வாய்க்காலாகிவிட்டது. சேலத்தில் ஒரு தெருச் சாக்கடையில் விடும் நீர், கீழே உள்ள உழவரின் கிணற்றையும் பயிரையும் அடைகிறது. ஆறு காவிரியைச் சேர்ந்தபின், அதன் கரையில் மோகனூர் முதலாகக் கீழே உள்ள ஊர்களுக்கெல்லாம் காவிரியே குடிநீர்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சேலம் மாநகராட்சியின் மக்கள்தொகை 8,29,267. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு ஆளொன்றுக்கு நாள்தோறும் 135 லிட்டர் நீர் வழங்கவேண்டும் என்பது நடுவணரசின் அளவு. அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாகத் திரும்பும் என்று கொள்வர். அதாவது ஆளுக்கு 108 லிட்டர். பெருக்கிப் பாருங்கள்: நாள்தோறும் ஏறத்தாழ ஒன்பது கோடி லிட்டர். 1934-இல் மேட்டூர் அணை எழுந்து, பின்னர் அதன் நீர் குழாய்களில் வரத் தொடங்கியபோது நாம் மகிழ்ந்தோம். வந்த நீர் முழுவதும் ஒரு வழியாக வெளியேறியும் ஆகவேண்டும் என்பதைத் திட்டமிடப் பல பத்தாண்டுகள் பிந்திவிட்டோம்.

சேலம் மாநகராட்சியின் பாதாளச் சாக்கடைத் திட்டம் 2000-க்குப் பிறகே உருப்பெற்று, பல கட்டங்களாக நடைபெற்று வந்துள்ளது. ஆனைமேடு, வண்டிப்பேட்டை, வெள்ளக்குட்டை, மான்குட்டை ஆகிய இடங்கள் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. நாமக்கல் நகரிலும் இத்தகைய திட்டம் நிறைவேற்றப்பட்டது. கடும்பாறையை உடைத்துக் குழாய் பதிப்பது எளிதன்று. தோண்டிய தெருக்களில் மக்கள் பட்ட இன்னலும் சிறிதன்று. ஆயினும் குழாய் வந்துவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுதல் தவறு. தெருவில் குழாய் இருந்தும் வீடுகள் இணையாவிட்டால், குழாயில் ஓட்டம் போதாமல் மண்டி படியும். சுத்திகரிப்பு நிலையத்து நுண்ணுயிர்களுக்கு உணவு போதாது. ஆறும் பழையபடியே இருக்கும். ஒரு தெருவில் பத்து வீடுகள் இணைந்து பத்து வீடுகள் விலகி நின்றால், இணைந்த பத்து வீட்டாரின் கிணற்றுக்கும் பாதுகாப்பில்லை. எல்லாரும் சேர்ந்தால் மட்டுமே பயன் தரும் செயல் இது.

மக்கள் ஏன் தயங்குகின்றனர்? தயக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. இணைப்புக்கு வைப்புத்தொகை கட்டவேண்டும். கட்டடத்தின் பரப்பளவுக்கேற்ப அது மாறும். மாதக் கட்டணம் உண்டு. வீட்டுக்குள் தரையை உடைத்துக் குழாய் மாற்றும் செலவு வேறு. 'என் தொட்டி நன்றாகத்தானே இருக்கிறது' என்று கூறுவோரும் உளர். செலவு கண்ணுக்குத் தெரிகிறது. கேடோ மண்ணுக்குள் மறைந்து, பெரும்பாலும் அண்டை வீட்டாரையும் கீழூர்க்காரரையும் சேர்கிறது. தயக்கத்தின் உட்பொருள் இதுதான்.

இத்தயக்கத்தை ஒரு தமிழ்நாட்டு நகரம் வென்று காட்டியது. சென்னையை அடுத்திருந்த ஆலந்தூர் நகராட்சியில் வீடுகள் பெரும்பாலும் செப்டிக் தொட்டிகளையே நம்பியிருந்தன. 1996-க்குப் பின் அந்நகர்மன்றம், தலைவர் ஆர்.எஸ்.பாரதியின் முயற்சியில், பாதாளச் சாக்கடைத் திட்டம் ஒன்றை மேற்கொண்டது. கடனும் மானியமும் மட்டும் போதாவென்று கண்டு, குடும்பத்துக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை தருமாறு மக்களையே கேட்டது. வீதிதோறும் கூட்டங்கள் நடத்தித் திட்டத்தை விளக்கினர். மண்ணில் ஒரு குழாயும் பதிக்கப்படாத நிலையிலேயே பல ஆயிரம் குடும்பத்தார் பணம் கட்டினர். 2000-இல் வேலை தொடங்கிற்று. சில ஆண்டுகளில் வீடுகள் இணைந்தன. கழிவுநீர் பெருங்குடியில் சுத்திகரிக்கப்பட்டது. 2011-இல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. ஆயினும் அதன் பெயர் நகராட்சி இயல் பயிலும் மாணவர்களால் இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. திட்டத்தின் செலவு, காலம், பயன் ஆகியவற்றை முன்கூட்டியே தெளிவாகக் கூறினால் மக்கள் பங்கு தர முன்வருவர் என்பதே அது தரும் பாடம்.

ஒரு வீடு மாறும் முறையையும் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். முதலில் மட்டம் பார்க்கவேண்டும். தெருவில் மேலும் மேலும் தார் போட்டு உயர்த்தியதால் பல பழைய வீடுகள் தெருவைவிடப் பள்ளத்தில் கிடக்கின்றன. வீட்டுக் குழாய் தெருக் குழாயைவிட உயரத்தில் இருந்தாலன்றி நீர் ஓடாது. நான்கு அங்குலக் குழாய்க்கு நாற்பதடி நீளத்தில் ஓரடி சரிவு கொடுப்பது வழக்கம். கழிப்பிடத்துக் குழாயைப் பழைய தொட்டியைத் தொடாமல் நேரே கொண்டுசெல்லவேண்டும். தொட்டியை அப்படியே வைத்து, அதன் வழிந்த நீரை மட்டும் சாக்கடையில் விட்டால், வண்டல் அள்ளும் பழைய தொல்லை ஒழியாது. குளியலறை, சமையலறை நீர் செல்லும் வழியில் நீர்ப்பூட்டு வைத்தால் சாக்கடையின் வாயு வீட்டுக்குள் வராது. மதிலோரம் ஒரு சிறு ஆய்வுத் தொட்டி அமைத்தால் அடைப்பு ஏற்படும்போது திறந்து பார்க்கலாம்.

மழைநீரை ஒருபோதும் இக்குழாயில் விடலாகாது. கழிவுநீரின் அளவுக்கே குழாய் அமைக்கப்பட்டுள்ளது. ஒரு தெருவில் இருபது மாடிகளின் மழைநீர் உள்ளே புகுந்தால், பள்ளத்தில் உள்ள வீட்டுக்குள் சாக்கடை எதிர்த்து வரும். மழைநீருக்கு உரிய இடம் நிலத்தடி. அதற்கான சேகரிப்புத் தொட்டி தனியே இருக்கட்டும்.

பழைய தொட்டியை மறந்துவிடுதல் பேராபத்து. கழிவு உறிஞ்சும் லாரியை வரவழைத்து முற்றிலும் வெறுமையாக்கவேண்டும். எக்காரணம் கொண்டும் ஆள் இறங்கக்கூடாது. எட்டிப் பார்ப்பதும் தீக்குச்சி கிழிப்பதும் கூடா. பின்னர்ச் சுண்ணாம்பு தூவி, மணலும் மண்ணும் இட்டுத் திமிசு போட்டு மேடாக்கிவிடவேண்டும். வெறுமனே மூடிவிட்ட தொட்டியின் மூடி பின்னொரு நாளில் இற்று உடையும். விளையாடும் குழந்தை அதன்மேல் கால் வைக்கும்.

இணைந்தபின்னும் கடமை உண்டு. துணி, நெகிழிப் பை, மாதவிடாய்த் துணி, எண்ணெய், சோற்றுப் பருக்கை ஆகியவை குழாயை அடைக்கும். அடைப்பு நேர்ந்தால் இயந்திரம் கொண்டே நீக்கவேண்டும் என்பது விதி. ஆயினும் நாம் கவனமின்றி எறியும் ஒவ்வொரு பொருளும், எங்கோ ஒரு தெருவில் ஒரு மனிதரைக் குழியின் விளிம்புக்கு அழைத்துச் செல்கிறது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

பாதாளச் சாக்கடை எல்லா இடத்துக்கும் ஏற்றதோ எனின், அன்று. இராசிபுரத்துக்கும் பரமத்திக்கும் இடையே தோட்டத்துச் சாளைகளில் வாழும் குடும்பங்களுக்கு ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே வயல்கள் உள்ளன. அங்கே குழாய் போடுவது வீண் செலவு. முறைப்படி கட்டிய தொட்டியோ, 1970 முதல் பிந்தேசுவர் பாடக் பரப்பிய இரட்டைக் குழிக் கழிப்பிடமோ அங்குப் போதும். இரட்டைக் குழியில் ஒன்று நிரம்பியதும் மற்றதற்கு மாற்றிவிட்டு, முதற்குழியை மூடி வைத்தால், காலப்போக்கில் அதன் பொருள் மக்கி உரமாகிவிடும். தொட்டி உள்ள இடங்களிலும் கிணற்றிலிருந்து தொலைவைக் காத்தல், உரிய காலத்தில் லாரி கொண்டு அகற்றுதல், லாரி அக்கழிவை ஏரியிலோ ஓடையிலோ கொட்டாமல் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்த்தல் ஆகிய மூன்றும் வேண்டும். இதற்கான வழிகாட்டு முறைகளைத் தமிழ்நாடு அரசு 2014-இல் வெளியிட்டது. வீடுகள் நெருங்கி, மனை சுருங்கிய நகரத்திலோ தொட்டியின் காலம் முடிந்துவிட்டது.

மாணவர்களே! உங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்கே செல்கிறது என்பதை இந்த வாரமே பெற்றோரிடம் கேட்டு அறியுங்கள். தொட்டி இருந்தால், கிணற்றுக்கும் அதற்கும் உள்ள தொலைவை அளவு நாடாவால் அளந்து பாருங்கள். எப்போது கடைசியாக வண்டல் அகற்றினார்கள் என்று கேளுங்கள். பாதாளச் சாக்கடை தெருவில் இருந்தால், இணைப்பு எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். எடுக்கவில்லையெனில், இன்று நாம் போட்ட முப்பதடி நாற்பதடிக் கணக்கை வீட்டில் போட்டுக் காட்டுங்கள். வேதியியல் பயிலும் கல்லூரி மாணவர்கள் தங்கள் தெருக் கிணறுகளின் நைட்ரேட்டு அளவை ஆசிரியர் துணையோடு ஆராய்ந்து, கண்ட முடிவை அண்டை வீட்டாருக்கும் உள்ளாட்சி உறுப்பினருக்கும் எடுத்துரைக்கலாம். மேட்டூரிலிருந்து வரும் நீரைப் பற்றி நாம் உரிமையோடு பேசுகிறோம். மோகனூரில் அதே காவிரியைக் குடிப்பவருக்கும் அந்த உரிமை உண்டு. நம் வீட்டுக் குழாயை உரிய இடத்தில் சேர்ப்பது அவருக்கு நாம் செலுத்தவேண்டிய கடன்.